பதினொரு ஆடுகளும் ஓர் அட்டவணையும்

ஜூன் 2

விருப்ப ஓய்வு பெற்றவர்கள் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஆனால் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தவனுக்கு, எழுத்தில் இல்லாதது நடந்ததாகவே தோன்றாது. ஆகவே எழுதுகிறேன்.

மூலனூருக்கு மேற்கே ஐந்து ஏக்கர். முன்பு இருந்தவர் நட்டுவிட்டுப் போன இருநூறு சூபாபுல் மரங்கள். இந்த ஊரில் அதைச் சவுண்டல் என்கிறார்கள். தரையிலிருந்து உயர்த்திப் புதிதாகக் கட்டிய ஒரு பரண் கொட்டகை. அதன் மேல் கேரளப் பண்ணை ஒன்றிலிருந்து இன்று வந்து இறங்கிய பதினொரு வெள்ளாடுகள். பிறந்ததிலிருந்து பரண் பலகையில் வளர்ந்தவை. மண்ணை மிதித்ததே இல்லை. சுத்தமானவை. ஒன்று முதல் பதினொன்று வரை காதில் எண் மாட்டியிருக்கிறேன். என் மனைவி கனகவல்லி ஏழாம் எண்ணுக்கு அதற்குள் 'மேனேஜர்' என்று பெயர் வைத்துவிட்டாள். சரியாகப் பத்து மணிக்குக் கத்துகிறதாம்.

கனகவல்லிக்கு இந்த இடம் பிடிக்கவில்லை. திருப்பூரில் அவள் அண்ணன் அர்த்தநாரியின் வீட்டு மாடிப் பகுதி காலியாக இருக்கிறது. அவருடைய ஜவுளிக்கடையில் எனக்கொரு நாற்காலியும் இருக்கிறது. வாசலருகே அமர்ந்து வருகிறவர்களை "வாங்க, வாங்க" என்று சொல்ல வேண்டும். மாலையில் "போய்ட்டு வாங்க". முப்பத்தோரு வருடம் மனிதர்களிடம் "முடியாது" மட்டுமே சொன்ன ஒருவனுக்கு இது தண்டனை.

ஆகவே ஓர் ஒப்பந்தம் போட்டோம். தொண்ணூறு நாள். ஓர் ஆடு செத்தாலும் பரணைப் பிரித்துவிட்டுத் திருப்பூர் போக வேண்டும். செத்துப்போகாவிட்டால் இங்கேயே இருக்கலாம், அவள் மறுபடி வாய் திறக்க மாட்டாள். நான் எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். சாட்சி அர்த்தநாரி, பத்திரமும் அவரிடம். நான்காம் பிரிவு மட்டும் என் சொந்தச் சேர்க்கை: 'இறுதி நாள் சரிபார்ப்பின்போது பரணில் காணப்படாத ஆடு இறந்ததாகவே கருதப்படும்.' இது எனக்கு எதிரானதுதான். ஆனால் அப்படி ஒரு பிரிவு இல்லாத ஒப்பந்தம் மொட்டையாகத் தெரிகிறது. அவர்கள் இருவரும் படிக்காமலே கையெழுத்திட்டார்கள். யாரும் படிப்பதில்லை. அதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஜூன் 5

தீவன அட்டவணை தயார். கையேட்டில் உள்ள புரதப் பட்டியலை ஆராய்ந்தேன். சோளத்தட்டு ஏழு சதவீதம். கொழுக்கட்டைப் புல் எட்டு. சூபாபுல் இருபத்துமூன்று. இருபத்துமூன்று இருக்கும்போது ஏழை எதற்குத் தொடுவது? காலை சூபாபுல், மதியம் சூபாபுல், மாலை சூபாபுல். அட்டவணையைத் தட்டச்சு செய்து பரணில் ஒட்டினேன்.

என் பெயரும் அதில் இருக்கிறது: மதியம் இரண்டு முதல் நான்கு வரை, ஆய்வு. கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிச் செய்ய வேண்டிய வகை ஆய்வு.

ஜூன் 11

ஆடுகள் நன்றாகத் தின்கின்றன. பக்கத்துக் கொரங்காட்டைப் போய்ப் பார்த்தேன். கொரங்காடு என்றால் மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள். அங்கே வேலாத்தாள் என்ற அம்மாள் முப்பது ஆடு மேய்க்கிறார். அவருடைய ஆடுகளுக்கு ஒழுக்கமே இல்லை. எருக்கம்பூவில் ஒரு வாய், வேம்பில் இரண்டு வாய், ஆவாரையில் ஒரு வாய். எந்தச் செடியையும் முடிப்பதில்லை. கோப்பைத் திறந்து இரண்டு வரி படித்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போகும் எழுத்தர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

"ஏனுங்க சார், உங்க ஆடு எறங்காதுங்களா?" என்றார்.

"அது பரண் ஆடு."

"காலு இருக்குதுல்லீங்க?"



ஜூன் 19

மூன்றாம் எண்ணின் முதுகில் முடி கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. வெயில்.

ஜூன் 23

மூன்று, ஐந்து, எட்டு. காற்று. இங்கே ஆனிக் காற்று பலமாக அடிக்கிறது.

ஜூன் 24

காற்று என்று சொன்னதற்குக் கனகவல்லி, "நம்ம ரெண்டு பேரு தலையும் அப்படியேதானே இருக்குது" என்றாள். என் தலையைப் பார்த்துவிட்டு, "என் தலை" என்று திருத்திக்கொண்டாள்.

ஜூலை 1

வாயில் எச்சில் வடிகிறது. எல்லாவற்றுக்கும். ஏழாம் எண் பத்து மணிக்குக் கத்தவில்லை.

வேலாத்தாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார்.

"சவுண்டல மட்டுமா போடறீங்க?"

"இருபத்துமூன்று சதவீதம் புரதம்."

"அதெனக்குத் தெரியாதுங்க. கழுதைக்கு அத மட்டும் போட்டா வாலு முடி கொட்டிப்போகும். அந்த எலையில ஒரு வெசம் இருக்குதுங்க."

"உங்கள் ஆடும்தான் தின்கிறது. நேற்றுகூட என் வேலிக்குள் தலையை விட்டு."

"எங்க ஆட்டு வவுத்துக்கு அது பழக்கமுங்க. அதுமில்லாம, மத்ததும் திங்குதுல்ல."

அவர் போன பிறகு கையேட்டைப் புரட்டினேன். நாற்பத்தோராம் பக்கத்தில், புரதப் பட்டியலுக்குக் கீழே, எறும்பு வரிசைபோல ஓர் அடிக்குறிப்பு: 'மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கலாகாது. மீறினால் முடி உதிரும், எச்சில் வடியும், கழுத்து வீங்கும், இறப்பும் நேரலாம். இம்மரத்தைத் தின்று பழகிய மந்தைகளின் வயிற்றில் இந்நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. புதிய ஆடுகளுக்கு இராது.'

முக்கியமான செய்தியை இவ்வளவு சிறிய எழுத்தில் போடுவது அயோக்கியத்தனம். இதை ஒரு தொழில்முறைக் கருத்தாகச் சொல்கிறேன். நானே முப்பத்தோரு வருடம் போட்டிருக்கிறேன்.

ஜூலை 3

சூபாபுலை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன். மீதிக்குச் சோளத்தட்டும் கொழுக்கட்டைப் புல்லும் வாங்கி வைத்தேன். பதினொன்றும் மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தன. தொடவில்லை. வேறு எதையும் தின்னத் தெரியவில்லை என்று தோன்றுகிறது. தாய் ஆடு தின்பதைப் பார்த்துத்தான் குட்டி கற்கும் என்கிறார் வேலாத்தாள். "எங்க மந்தையோட ஒரு மாசம் விடுங்க, தானா பழகிக்கும்." மறுத்துவிட்டேன். மந்தைக்கு நோய் இருக்கலாம். தவிர, அட்டவணை என்று ஒன்று இருக்கிறது.

ஜூலை 8

ஏழாம் எண் படுத்துவிட்டது. அசை போடவில்லை. மருந்தகத்துக்குப் போன் செய்தேன். மருத்துவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமை வருவாராம்.

கனகவல்லி அதன் அருகில் உட்கார்ந்து காதைத் தடவிக்கொண்டிருந்தாள். திருப்பூர் போக இது நல்ல வாய்ப்பு என்று நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

வேலாத்தாள் வந்து ஒரு வைத்தியம் சொன்னார். அவர் மந்தையில் பெரிய ஆடு ஒன்று அசை போடும்போது வாயில் விரலை விட்டு, அந்தக் கவளத்தை எடுத்து, ஏழின் வாயில் ஊட்ட வேண்டுமாம். "வவுத்துக்குள்ள உள்ளது வவுத்துக்குள்ள போகோணும், அவ்ளோதானுங்க."

ஓர் ஆட்டின் வாயிலிருந்து இன்னோர் ஆட்டின் வாய்க்கு. இன்னொருவர் பெயருக்கு மாற்றக்கூடாத பத்திரத்தை மாற்றுவது போன்றது இது. திட்டவட்டமாக மறுத்தேன்.

ஜூலை 9

கனகவல்லி காலையில் கையை மூன்று முறை எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினாள். காரணம் கேட்டேன். மீன் கழுவினேன் என்றாள். நாங்கள் மீன் சாப்பிடுவதில்லை.

ஜூலை 10

இலை தின்னும் குரங்குகள் சில, நஞ்சை முறிக்க அடுப்புக்கரி தின்னும் என்று எப்போதோ படித்திருக்கிறேன். ஊருக்குள் துணி தேய்ப்பவரிடம் கரி வாங்கி, இடித்து, சலித்து, வெல்லத் தண்ணீரில் கலந்தேன். ஒன்று, இரண்டு, ஆறு, பத்து ஆகிய நான்குக்கு மட்டுமே கொடுக்க முடிந்தது. பத்தாம் எண் தும்மியது. என் வேட்டி, பனியன், மூக்குக் கண்ணாடி, பரணின் கிழக்குச் சுவர் ஆகியவற்றுக்கும் போதிய அளவு கிடைத்தது.

ஜூலை 11

ஏழாம் எண் எழுந்து நின்றது. அசை போடுகிறது. தாடியில் ஏதோ பச்சையாக ஒட்டியிருந்தது. கரி நன்றாக வேலை செய்கிறது. ஏழுக்குக் கரி கொடுக்கவில்லைதான். பத்தாம் எண் தும்மியபோது அதற்கும் போயிருக்க வேண்டும்.

ஜூலை 17

கனகவல்லி இப்போதெல்லாம் மதியத்தில் மோர் வாங்க வேலாத்தாள் வீட்டுக்குப் போகிறாள். இரண்டு மணிக்குப் போய் நாலு மணிக்கு வருகிறாள். மோர் வருவதில்லை. பாத்திரமும் போவதில்லை. பெண்களுக்குப் பேச ஆள் வேண்டும்.

ஜூலை 20

விளங்காத சில செய்திகளைப் பதிவு செய்கிறேன்.

பரண் கதவில் நான் போடுவது இரட்டை முடிச்சு. மாலையில் பார்த்தால் ஒற்றை முடிச்சு. கயிறு வெயிலில் தளர்கிறது.

ஆடுகளின் கால் முடியில் நாயுருவி முள் ஒட்டியிருக்கிறது. காற்று. கனகவல்லியின் புடவை ஓரத்திலும் ஒட்டியிருக்கிறது. அதே காற்று.

புழுக்கையை உடைத்துப் பார்த்ததில் வெள்வேல விதை இருந்தது. பரணுக்கும் வெள்வேல மரத்துக்கும் நூறு கஜம் இருக்கும். இதற்குக் காற்று போதாது. யோசிக்க வேண்டும்.

ஜூலை 21

பறவைகள்.

ஜூலை 29

முடி முளைக்கிறது. எச்சில் நின்றுவிட்டது. சோளத்தட்டைத் தின்கின்றன. மாலையில் சூபாபுல் வைத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டு, போதும் என்பதுபோல நகர்ந்துவிடுகின்றன. ஏழாம் எண் பத்து மணிக்குக் கத்துவதை நிறுத்திவிட்டு இரண்டு மணிக்குக் கத்துகிறது. என் கரிச் சிகிச்சை பற்றி ஒரு கட்டுரை எழுதலாம். வேலாத்தாளிடம் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "எழுதுங்க சார், எழுதுங்க" என்றார். தூசி அதிகம்.

ஆகஸ்ட் 4

கனகவல்லி சாப்பிடும்போது, "ஊமத்தைய ஒண்ணுகூடத் தொடறதில்லீங்க. ஆனா எருக்கம்பூவுல மட்டும் ஒரே ஒரு வாய்" என்றாள். யார் என்று கேட்டேன். "வேலாத்தாக்கா ஆடு" என்று சோற்றைப் பார்த்துச் சொன்னாள். முகமும் கையும் கறுத்திருக்கின்றன. இருபத்தெட்டு வருடத்தில் அவள் ஒரு வாய் கூடுதலாகச் சோறு போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. இன்று இரண்டு முறை போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் 11

மின்வெட்டு. விசிறி நின்றதால் இரண்டேகாலுக்கே ஆய்வு கலைந்தது. பரணுக்குப் போனேன். காலி. பதினொரு எண்ணும் இல்லை.

நாக்கு வறண்டுவிட்டது. வெயில். கிளுவை வேலி வரை நடந்தேன். ஓடினேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வேலிக்கு அந்தப் பக்கம் வேலாத்தாளின் முப்பதும் என் பதினொன்றும் ஒன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. ஐந்தாம் எண், வேலாத்தாளின் கறுப்பு ஆடு எதில் வாய் வைக்கிறதென்று பார்த்துவிட்டு அதிலேயே வாய் வைத்தது. கறுப்பு நகர்ந்ததும் இதுவும் நகர்ந்தது. நடுவில் கனகவல்லி, கையில் துரட்டி, தலையில் துண்டு. வெள்வேலங்காயை உலுக்கிக்கொண்டே, "மேனேஜர், அந்தப் பக்கம் போனீன்னா காலை ஒடிச்சுப்போடுவேன்" என்றாள். வேலாத்தாள் ஏதோ சொன்னார். கனகவல்லி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று தேதி சொல்ல முடியவில்லை. குறித்து வைக்கவில்லை.

திரும்பி வந்து கட்டிலில் படுத்தேன். அட்டவணைப்படி நாலு மணி வரை ஆய்வு.

ஆகஸ்ட் 12

அட்டவணையில் சிறு திருத்தம். ஆய்வு இரண்டு முதல் நாலரை வரை.

ஆகஸ்ட் 13

கனகவல்லி திருத்தத்தைப் படித்தாள். "ஏனுங்க, ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றாள். ஆய்வு ஆழமாகிறது என்றேன்.

ஆகஸ்ட் 20

படுத்திருப்பது எளிது. தூங்குவதுபோலப் படுத்திருப்பது கடினம். ஈ உட்கார்ந்தாலும் அசையக்கூடாது.

ஆகஸ்ட் 30

தொண்ணூறாவது நாள். நீண்ட குறிப்பு.

அர்த்தநாரி மாலை ஐந்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. நாலரைக்கு ஆடுகள் பரணில் இருக்கும். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டே முக்காலுக்கு வாசலில் கார் நின்றது.

"மாப்ளே, எந்திரிங்க. கடையில ஆளில்ல, சீக்கிரம் போகோணும். எண்ணிப்போடலாம் வாங்க."

"காபி சாப்பிடுங்கள்."

"எண்ணிட்டுச் சாப்பிடலாமுங்க."

"வெயிலாக இருக்கிறது."

"ஆடென்ன மாப்ளே ஆகாசத்துலயா நிக்குது? பரண்லதானே?"

பரணுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பத்திரத்தை எடுத்தார். மூன்று மாதத்தில் நாலாக மடித்து மடித்துக் கந்தலாகியிருந்தது.

"கடையில யாவாரம் இல்லாத நேரத்துல இத நாலஞ்சு தடவ படிச்சனுங்க. நல்லா எழுதியிருக்கறீங்க. அதுலயும் அந்த நாலாவது" என்று விரலை வைத்தார். "அப்பப் பதினொண்ணும் செத்துப்போச்சுங்களே, மாப்ளே."

முப்பத்தோரு வருடத்தில் என் எதிரே உட்கார்ந்தவர்கள் இந்த வகைப் பிரிவை முதன்முறையாகப் படிக்கும்போது முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். என் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அர்த்தநாரி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

வாசலருகே ஒரு நாற்காலி. வாங்க, வாங்க.

வேறு வழியில்லாமல் கொரங்காட்டுக்கு அழைத்துப் போனேன். வேலிப் படலைத் திறந்தபோது கனகவல்லி திரும்பினாள். அண்ணனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலைத் துண்டை மெதுவாக அவிழ்த்தாள்.

"தூங்கலீங்களா?"

"பத்தொன்பது நாளாகத் தூங்கவில்லை."

விரல் விட்டு எண்ணினாள். "அப்ப அந்த நாலரைக்கு மாத்துனது?"

"திருத்தம்."

அவள் துரட்டியை மரத்தில் சாய்த்து வைத்தாள், இரண்டு முறை. முதல் முறை சரியாக நிற்கவில்லை.

அர்த்தநாரி நாற்பத்தோரு ஆட்டை எண்ணத் தொடங்கி, இருபத்தொன்பதில் தடுமாறி, மறுபடி தொடங்கினார். வேலாத்தாள் பொறுக்காமல், "காதுல நம்பர் இருக்கறது அவங்களுதுங்க. நம்பரில்லாததுக்குப் பேரு இருக்குது" என்றார். பதினொன்று சரியாக இருந்தது. முடியும் முழுதாக இருந்தது.

"உசுரோடதான் இருக்குது. ஆனாப் பரண்ல இல்லையே" என்றார் அர்த்தநாரி. "எழுதுனது எழுதுனதுதானுங்க. கனகு, நீதானே கண்ணு வாரம் ஒருக்காப் போன் போட்டு, அண்ணா இந்தக் காட்டுல என்னால இருக்க முடியாதுன்னு அழுதே? மாடியில வெள்ளையடிச்சு வெச்சிருக்கறேன்."

"அழுதேன். அது ஜூன்ல."

"இப்ப?"

"இப்பப் போன் போட்டனா? ஒண்ணரை மாசமா எனக்கு நேரமேயில்ல, ண்ணா."

அர்த்தநாரி யோசித்தார். பத்திரத்தைப் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு யோசித்தார். அவருடைய ஜவுளிக்கடையில் ஆடு இல்லாததால் ஏற்பட்ட பிழை இது. ஏழாம் எண் பின்னால் வந்து நின்றது. காகிதத்தை மோந்தது. புதிய உணவு. பரணில் இருந்த பழைய ஏழாம் எண்ணாக இருந்தால் முழுவதையும் விழுங்கியிருக்கும், அல்லது தொட்டிருக்காது. இது கொரங்காட்டில் படித்த ஆடு. கீழ் ஓரத்தில் ஒரு வாய் கடித்தது. நிதானமாக மென்றது. மை எப்படி, பசை எப்படி என்று வயிற்றைக் கேட்டுக்கொண்டு நின்றது. பிறகு மீதியை விட்டுவிட்டு ஆவாரைக்குப் போனது.

கீழ் ஓரத்தில் இருந்தவை மூன்று கையெழுத்துகள்.

அர்த்தநாரி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலாவது அப்படியேதானே இருக்குது மாப்ளே?"

"கையெழுத்து இல்லாத ஒப்பந்தம் செல்லாது" என்றேன். இந்த வாக்கியத்தை எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். அதில் மகிழ்ச்சி ஏற்பட்டது இதுவே முதல் முறை.

"மறுக்காப் போடலாமே."

"நாங்க போடமாட்டோம்" என்று கனகவல்லி சொன்னாள். 'நாங்க' என்றாள். அடிக்கோடு என்னுடையது.

அவர் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். நல்ல மனிதர். கார் கண்ணாடியை இறக்கி, "அந்த நாற்காலி காலியாத்தான் இருக்கும், மாப்ளே" என்றார். அச்சுறுத்தலா ஆறுதலா என்று தெரியவில்லை.

மாலையில் பரணில் தண்ணீர் ஊற்றும்போது கேட்டேன். எந்தச் செடி எவ்வளவு என்று இரண்டே மாதத்தில் எப்படிப் பிடிபட்டது?

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "இருபத்தெட்டு வருசமா உங்களக் கொஞ்சங் கொஞ்சமா எடுத்துக்கிட்டு இருக்கேன். நடுவுல நடுவுல அண்ணன், கோயில், பக்கத்து வீடுன்னு கலந்துக்குவேன். காலையில, மதியம், சாயங்காலம்னு உங்கள மட்டும் எடுத்திருந்தா எனக்கும் முடி கொட்டியிருக்குமுங்க."

இதை ஓர் அறிவியல் குறிப்பு என்ற அளவில் மட்டும் பதிவு செய்கிறேன். தரவு நீண்ட காலத்துக்குரியது. மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

கரி பற்றிய கட்டுரையை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 31

இரண்டு மணிக்குத் தூக்கம் வரவில்லை. கனகவல்லி படலைத் திறந்து வைத்துவிட்டு நின்றாள். யாருக்காக என்று கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பதினொன்றுக்கும் பின்னால் நடந்தேன்.

வேலாத்தாள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"அம்மிணி, இது புதுசு. மொத நாளு ஓரமா விடு. கொஞ்ச நேரம் போதும்."